ஸ்டெனோகிராஃபர் ஆகணுமா? முதல் ஸ்ட்ரோக்ல இருந்து வேலையில சேர்ற வரைக்கும் முழு வழிகாட்டி

பத்தாவது, ப்ளஸ் டூ முடிச்சிட்டு டைப்ரைட்டிங் கிளாஸ் போறவங்க நிறைய பேரு. அதே இன்ஸ்டிட்யூட்ல ஷார்ட்ஹேண்ட், அதாவது ஒருத்தர் பேசப் பேச அதே வேகத்துல கோடு கோடா எழுதிக்கிற சுருக்கெழுத்து, அந்த பேட்ச்ச எட்டிப் பார்த்தீங்கன்னா ஆறேழு பேர்தான் உக்காந்திருப்பாங்க, மூணு மாசம் கழிச்சுப் போனா அதுலயும் பாதிப் பேரைக் காணோம். ஏன்னா முதல் மூணு மாசம் எதுவுமே வராத மாதிரியேதான் இருக்கும், கோடு கோடா எழுதுறோம், இது எப்போ ஒரு வாக்கியமா மாறும்னே தெரியாது, விட்டுட்டுப் போயிடுவாங்க. நான் எப்படியோ அந்த மூணு மாசத்தைத் தாண்டிட்டேன், அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷத்துக்கு மேல நோட்டும் பென்சிலுமாத்தான் என் பொழப்பு. புதுசா வர்ற பசங்க என்கிட்ட கேக்குற கேள்வி எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, இப்போ ஆரம்பத்துல இருந்து சொல்லிடுறேன்.

முதல்லயே ஒண்ணு. எல்லாரும் "எவ்வளவு ஸ்பீட் சார்"னுதான் கேக்குறாங்க. நான் திருப்பிக் கேக்குறது "நேத்து எழுதினதை இன்னைக்குப் படிக்க வருதா"ன்னு. இந்த வேலையில எழுதுறது பாதிதான், எழுதினதைப் படிச்சு ஒரு வார்த்தை மாறாம டைப் பண்ணிக் குடுக்குறதுதான் மீதிப் பாதி, பெயில் ஆகுறவங்க முக்கால்வாசிப் பேர் அந்த ரெண்டாவது பாதியிலதான் விழுறாங்க. கீழ சொல்லப் போறது எல்லாத்தையும் இதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

எந்த வேலைக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இது ஏன் முதல்லன்னா, இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்டா தமிழ் ஷார்ட்ஹேண்டா, எவ்வளவு ஸ்பீட், சர்டிஃபிகேட் தேவையா இல்லையான்னு எல்லாமே இதை வெச்சுத்தான் இருக்கு.

சென்ட்ரல் கவர்மென்ட்னா எஸ்எஸ்சி (ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன்) நடத்துற ஸ்டெனோகிராஃபர் கிரேடு சி, கிரேடு டி எக்ஸாம். ப்ளஸ் டூ பாஸ் போதும். வயசு கிரேடு சி-க்கு 18ல இருந்து 30, கிரேடு டி-க்கு 18ல இருந்து 27, ஓபிசிக்கு 3 வருஷமும் எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷமும் தளர்வு உண்டு. கிரேடு டி பே லெவல் 4, அடிப்படைச் சம்பளம் 25,500ல ஆரம்பிக்கும், கிரேடு சி லெவல் 6, 35,400. இது மேல டிஏ (அகவிலைப்படி), எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) எல்லாம் தனி. இந்த எக்ஸாமுக்கு ஷார்ட்ஹேண்ட் சர்டிஃபிகேட் எதுவும் கேக்க மாட்டாங்க, அவங்களே ஸ்கில் டெஸ்ட், அதாவது சொல்றதை ஷார்ட்ஹேண்ட்ல எழுதி டைப் பண்ணிக் காட்டுற டெஸ்ட் வெச்சுப் பார்ப்பாங்க. ஆனா அந்த டெஸ்ட் இங்கிலீஷ் இல்லன்னா இந்தியிலதான், தமிழ்ல கிடையாது. அதனால சென்ட்ரல் வேலைதான் லட்சியம்னா இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்டை முதல்ல பிடிங்க. சிஐஎஸ்எஃப் மாதிரி படைகள்லயும் ஏஎஸ்ஐ ஸ்டெனோ போஸ்ட் இருக்கு, அதுக்கு லெவல் 5, 29,200, ஆனா உடல் தகுதியும் பார்ப்பாங்க.

தமிழ்நாடு அரசு வேலைன்னா டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல வர்ற சுருக்கெழுத்துத் தட்டச்சர், நாம ஸ்டெனோ டைப்பிஸ்ட்னு சொல்றது. தமிழ்நாடு அரசோட சம்பள வரிசையில லெவல் 10, 20,600ல தொடங்கும், இளநிலை உதவியாளருக்கு 19,500தான். இங்க கதை தலைகீழ். தனியா ஸ்கில் டெஸ்ட் இல்ல, சர்டிஃபிகேட்தான் எல்லாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு ரெண்டு தடவை அரசு தொழில்நுட்பத் தேர்வு நடத்துது, அதுல டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் ரெண்டுலயும் பாஸ் பண்ணிருக்கணும். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுமே ஹையர் (சீனியர்) இருந்தா முதல் முன்னுரிமை, அது இல்லாதப்போ ஒண்ணு ஹையர் இன்னொண்ணு லோயர் (ஜூனியர்)னு இருக்கிறவங்களைப் பார்ப்பாங்க. கூடவே கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்டிஃபிகேட்டும் வேணும். இவ்வளவும் கையில வெச்சிருக்கிறவங்க கம்மி, அதனால கட் ஆஃப் மத்த போஸ்ட்டை விட பொதுவா குறைவாவே இருக்கும். குரூப் 4 எழுதி எழுதி நூலிழையில தவறவிட்ட எத்தனையோ பேருக்கு நான் இந்த வழியைச் சொல்லிருக்கேன்.

கோர்ட், ரயில்வே, வக்கீல் ஆபீஸ், கம்பெனி எம்டிகிட்ட செக்ரட்டரின்னு இன்னும் வழிகள் இருக்கு, ஆனா ஷார்ட்ஹேண்ட் ஒண்ணு வந்துட்டா எல்லாத்துக்கும் அதே கைதான்.

ஒரு எச்சரிக்கை. காலியிடம் வருஷா வருஷம் ஒரே மாதிரி வராது. எஸ்எஸ்சி ஸ்டெனோவுக்கு 2024ல 2,006 இடம் போட்டாங்க, 2025 நோட்டிஃபிகேஷன்ல வெறும் 261. அதனால ஒரே எக்ஸாமை மட்டும் நம்பி உக்காராதீங்க, சென்ட்ரல், ஸ்டேட் ரெண்டுக்கும் தயாராகுற மாதிரி பிளான் பண்ணுங்க.

கிளாஸ், நோட்டு, பென்சில்

தியரி முடியிற வரைக்குமாவது நேர்ல ஒரு மாஸ்டர்கிட்ட போய்ப் படிங்கன்னுதான் சொல்லுவேன். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா உங்க ஸ்ட்ரோக், அதாவது ஷார்ட்ஹேண்ட் கோட்டோட சாய்வு தப்பா இருந்தா வீடியோ உங்களைத் திருத்தாது, அந்தத் தப்பு கையில ஊறிப் போயிடும், ஆறு மாசம் கழிச்சு மாத்துறது ரொம்பக் கஷ்டம். டைப்ரைட்டிங்கும் பக்கத்துலயே ஓடட்டும், இங்கிலீஷ் லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45.

பென்சில் கொஞ்சம் சாஃப்ட்டா இருக்கணும், கூர் சீவினது நாலஞ்சு எப்பவும் பக்கத்துல இருக்கட்டும். அழுத்திப் பிடிச்சு எழுதுற பழக்கம் இருந்தா இப்பவே விடுங்க, கை வலிக்கும், ஸ்பீடும் ஏறாது. நோட்டு மேல ஸ்பைரல் போட்டது வாங்குங்க, பக்கத்தோட கீழ் பாதி எழுதும்போதே இடது கை விரல் அடுத்த பக்கத்தைத் தூக்கி ரெடியா வெச்சிருக்கணும். பக்கம் திருப்புறதுல ரெண்டு செகண்ட் போச்சுன்னா 100 ஸ்பீட்ல, அதாவது நிமிஷத்துக்கு 100 வார்த்தை வேகத்துல, மூணு வார்த்தை போச்சுன்னு அர்த்தம்.

தியரி: மூணுல இருந்து நாலு மாசம்

நம்ம ஊர்ல பெரும்பாலும் பிட்மேன் முறைதான். ஐசக் பிட்மேன் 1837ல வெளியிட்டது, எழுத்தைப் பார்த்து எழுதாம சத்தத்தைக் கேட்டு எழுதுற முறை. ஸ்பெல்லிங்ல என்ன எழுத்து இருந்தாலும் கவலை இல்ல, காதுல என்ன விழுதோ அதுக்குத்தான் கோடு.

இங்கதான் நம்ம பசங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வருது, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல. சம்பளத்துக்கும் 'பே'ன்னுதான் எழுதுறோம், வளைகுடாவுக்கும் 'பே'ன்னுதான் எழுதுறோம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'ப'தான், இடத்தைப் பார்த்து சத்தத்தை மாத்திக்கிறோம். பிட்மேன்ல அப்படி இல்ல, சம்பள 'பே'க்கு மெல்லிசான கோடு, வளைகுடா 'பே'க்கு அதே கோடு தடிமனா. 'ட', 'க', 'ச' எல்லாத்துக்கும் இதே மாதிரி மெல்லிசு ஒண்ணு, தடிமன் ஒண்ணு. சின்ன வயசுல இருந்து ஒரே எழுத்தா எழுதிப் பழகின கைக்கு இந்த வித்தியாசம் முதல்ல பிடிபடாது. அதனால முதல் மாசம் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க, பக்கத்துல இருக்கிறவங்க பார்த்தாலும் பரவாயில்ல. காது பிரிச்சுக் கேக்கப் பழகிட்டா கை தானா பிரிச்சு எழுதும். ஸ்பீட் ஏறினப்புறம் தடிமன் சில இடத்துல தேயத்தான் செய்யும், அப்போ வாக்கியத்தோட அர்த்தத்தை வெச்சுப் படிச்சிடலாம், அந்த வித்தை தமிழ் எழுத்துப் படிச்ச நமக்கு ஏற்கனவே கைவந்ததுதான்.

அடுத்தது பொசிஷன். உயிர்ச் சத்தத்துக்குப் புள்ளியும் சின்னக் கோடும் வைக்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க, ஆனா டிக்டேஷன்ல, ஒருத்தர் சொல்லச் சொல்ல எழுதுற ஸ்பீட்ல, அதை வைக்க நேரம் இருக்காது. அதுக்குப் பதிலா ஸ்ட்ரோக்கை எந்த இடத்துல எழுதுறோம்கிறதே எந்த உயிர்ச் சத்தம்னு சொல்லிடும். ஒரு உதாரணம் எழுதிப் பாருங்க. நேரத்துக்கு 'டைம்', மிருகத்தைப் பழக்குறதுக்கு 'டேம்', குழுவுக்கு 'டீம்', மூணுக்கும் ஸ்ட்ரோக் ஒண்ணுதான், நிமிர்ந்த ஒரு கோடு, அது காலடியில ஒரு வளைவு. நோட்டு லைனுக்கு மேல எழுதினா 'டைம்', லைனைத் தொட்டு எழுதினா 'டேம்', லைனை வெட்டிக்கிட்டுக் கீழ இறங்கினா 'டீம்'. புள்ளியே வேண்டாம். பொசிஷனை அலட்சியமா விட்டவங்க 80 ஸ்பீட்ல ஜம்முனு எழுதுவாங்க, படிக்கும்போது டைமா டீமான்னு தலையைச் சொறிவாங்க.

அப்புறம் வட்டம், லூப், ஹூக், ஸ்ட்ரோக்கைப் பாதி நீளமாக்குறது, ரெட்டை நீளமாக்குறது. ஒரு வளைவை ரெட்டை நீளமா இழுத்தா 'ஃபாதர்' வந்துடும், இன்னொண்ணை இழுத்தா 'மதர்' வந்துடும், 'நேஷன்', 'மோஷன்'ல வர்ற அந்த 'ஷன்'னுக்கு ஒரு பெரிய ஹூக் போதும். இதெல்லாம் பாடத்துல வரிசையா வரும், வேகமா ஓடாதீங்க, ஒரு பாடத்துல இருக்கிற எக்ஸர்சைஸ் முழுசையும் எழுதிப் படிச்சு முடிக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க.

கிராமலாக் தினமும் பத்து. எப்பவும் வர்ற சின்னச் சின்ன வார்த்தைகளுக்கான குறியீடு இது, ஒரு டிக்டேஷன்ல பாதிக்குப் பாதி இதுங்கதான் வரும், யோசிச்சு எழுதினா போச்சு, உங்க பேரை எழுதுற மாதிரி வரணும். ஃப்ரேஸும் அப்படித்தான், 'இட் இஸ் நாட்', 'ஐ ஹேவ் நோ டவுட்'டை எல்லாம் பென்சிலை எடுக்காம ஒரே அவுட்லைனா, அதாவது ஒரே கோட்டு வடிவமா எழுதணும்.

ஸ்பீட் ஏத்துறது

தொழில்நுட்பத் தேர்வுல இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட் ஜூனியர் 80, இன்டர் 100, சீனியர் 120, அதுக்கு மேல ஹை ஸ்பீட். எஸ்எஸ்சில கிரேடு டி-க்கு 80, கிரேடு சி-க்கு 100, ரெண்டுமே பத்து நிமிஷம் விடாம. தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா தியரி முடிஞ்சதுல இருந்து அஞ்சாறு மாசத்துல 80 வந்துடும், 100க்கு இன்னும் ஒரு அஞ்சாறு மாசம். எனக்கு 80ல இருந்து 100 போறதுதான் ரொம்ப நாள் இழுத்துச்சு, ரெண்டு மாசம் 90லயே நின்னேன், அந்த இடத்துல எல்லாருக்கும் நிக்கும், விட்டுடாதீங்க.

டிக்டேஷன் குடுக்க ஆள் இல்லன்னா நீங்களே பண்ணிக்கலாம். பேப்பர்ல வர்ற தலையங்கமோ பார்லிமென்ட்ல பேசின பேச்சோ ஒண்ணு எடுங்க. 80 ஸ்பீட் வேணும்னா இருபது வார்த்தைக்கு ஒரு தடவை பென்சில்ல ஒரு சாய்வுக் கோடு போடுங்க, ஒவ்வொரு கோடும் பதினஞ்சு செகண்ட். 100னா இருபத்தஞ்சு வார்த்தைக்கு ஒரு கோடு, 120னா முப்பதுக்கு. இப்போ செகண்ட் முள்ளைப் பார்த்துக்கிட்டே அந்தக் கோட்டுக்குச் சரியாப் போய்ச் சேர்ற மாதிரி படிச்சு மொபைல்ல ரெக்கார்ட் பண்ணுங்க, மறுநாள் அதைப் போட்டு எழுதுங்க. வீட்ல அம்மாவோ தங்கச்சியோ படிச்சுக் குடுத்தா இன்னும் நல்லது, ஏன்னா எக்ஸாம்ல உங்க குரல் வராது, வேற குரல், வேற உச்சரிப்புக்குக் காது பழகணும்.

எழுதுற முறை இப்படி வெச்சுக்கோங்க. புதுப் பேசேஜை முதல்ல கேட்டு எழுதுங்க, எங்கெல்லாம் தடுக்குச்சோ அந்த வார்த்தைகளுக்குச் சரியான அவுட்லைனைப் பார்த்து ஒவ்வொண்ணையும் ஒரு லைன் முழுக்க எழுதுங்க, அப்புறம் அதே பேசேஜைப் பத்து ஸ்பீட் கூட்டி வெச்சு எழுதுங்க, கை பறக்கும், பாதி விட்டுப் போகும், பரவாயில்ல. கடைசியா பழைய ஸ்பீட்லயே ஒரு தடவை. அப்போ அது மெதுவாப் போற மாதிரி இருக்கும் பாருங்க, அந்த உணர்வுக்காகத்தான் இவ்வளவும். ஆனா தினமும் ஒண்ணாவது இதுவரைக்கும் பார்க்காத பேசேஜா இருக்கணும், பழகின பேசேஜ்ல வர்ற ஸ்பீட் உங்க உண்மையான ஸ்பீட் கிடையாது.

டிரான்ஸ்கிரிப்ஷன்: இங்கதான் ஜெயிக்கணும்

ஒரு கணக்குப் போடுவோம். கிரேடு டி-ல 80 ஸ்பீட், பத்து நிமிஷம், 800 வார்த்தை. அதை இங்கிலீஷ்ல டைப் பண்ண 50 நிமிஷம் குடுக்குறாங்க, அப்படின்னா நிமிஷத்துக்கு வெறும் 16 வார்த்தை. லோயர் டைப்பிங் பாஸ் பண்ணினவங்களே 30 அடிப்பாங்க. கிரேடு சி-ல 1,000 வார்த்தைக்கு 40 நிமிஷம், நிமிஷத்துக்கு 25 வார்த்தைதான். அப்புறம் ஏன் நேரம் பத்தலன்னு வெளிய வந்து சொல்றாங்க? டைப் பண்ண நேரம் பத்தாம இல்ல, அவங்க எழுதினதை அவங்களாலயே படிக்க முடியல.

அதனால தினமும் ஒரு டிக்டேஷனையாவது முழுசா டைப் அடிங்க. பத்து டிக்டேஷன் எழுதி நோட்டை மூடி வைக்கிறதை விட, ரெண்டு எழுதி ரெண்டையும் கடைசி வார்த்தை வரைக்கும் டைப் பண்ணித் திருத்துறதுதான் உங்களை வளர்க்கும். வாரத்துல ஒரு நாள் நாலு நாளைக்கு முன்னாடி எழுதின நோட்டை எடுத்துப் படிங்க. எழுதின சூட்டோட படிச்சா ஞாபகத்துல இருந்து படிச்சிடுவோம், நாலு நாள் கழிச்சுத்தான் அவுட்லைன் ஒழுங்கா இருக்கான்னு தெரியும்.

திருத்தும்போது கண்டிப்பா இருங்க. ஒரு வார்த்தை விட்டாலோ, மாத்தி எழுதினாலோ, இல்லாததைச் சேர்த்தாலோ அது முழுத் தப்பு. ஸ்பெல்லிங் தப்பு, ஒருமை பன்மை மாறிப் போறது, வாக்கியம் சின்ன எழுத்துல ஆரம்பிக்கிறது எல்லாம் அரைத் தப்பு. தப்பு 5 சதவீதம் வரைக்கும் விடுவாங்கன்னு வெச்சா 800 வார்த்தைக்கு 40 தப்பு. வீட்ல 20க்குள்ள வந்தாத்தான் ஹால்ல, பதட்டத்துல, 40க்குள்ள நிக்கும்னு வெச்சுக்கோங்க.

சத்தத்தை வெச்சு எழுதுறதால ஸ்பெல்லிங் காலை வாரிவிடும். 'பிரின்சிபல்'னு காதுல விழுது, கொள்கையா, கல்லூரி முதல்வரா? 'கவுன்சில்'னா மன்றமா, 'கவுன்சல்'னா வக்கீலா? இந்த மாதிரி ஜோடிகளுக்குத் தனி நோட்டு போடுங்க. கோர்ட் வேலைக்குப் போறவங்க 'பிராசிக்யூஷன்', 'பெர்சிக்யூஷன்' ரெண்டுக்கும் அவுட்லைனைத் தெளிவாப் பிரிச்சு வெச்சுக்கணும், முதல்லது வழக்கு நடத்துறது, ரெண்டாவது கொடுமைப்படுத்துறது. ஒரு மனுஷனோட வழக்குத் தீர்ப்புல இது மாறிப் போனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

எழுத்துத் தேர்வு

இதை விட்டுட்டு ஷார்ட்ஹேண்ட் மட்டும் பழகி ஏமாந்தவங்க உண்டு. எஸ்எஸ்சில 200 கேள்வி, 200 மார்க், 2 மணி நேரம். ரீசனிங் 50, ஜிகே 50, இங்கிலீஷ் 100. கணக்கு தனியா இல்ல, இது நிறைய பேருக்கு நிம்மதி. தப்புக்கு கால் மார்க் போகும். பாதி மார்க் இங்கிலீஷ்லதான், நீங்க டிக்டேஷனுக்காகத் தினம் தலையங்கம் படிக்கிறதும் இதுக்கே உதவும். குரூப் 4ல தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25, மொத்தம் 200 கேள்விக்கு 300 மார்க். தமிழ்ல 40 சதவீதம் எடுக்கலன்னா மீதித் தாளைத் திருத்தவே மாட்டாங்க.

ஸ்கில் டெஸ்ட் அன்னைக்கு

என் முதல் ஸ்கில் டெஸ்ட்ல நடந்ததைச் சொல்றேன். நாலாவது நிமிஷம் 'ரிஹாபிலிட்டேஷன்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, அவுட்லைன் பாதியில நின்னு போச்சு, அதைச் சரியா எழுதிடலாம்னு ஒரு கணம் யோசிச்சேன். நிமிர்ந்து பார்த்தா குரல் ரெண்டு வரி தாண்டிப் போயிருந்துச்சு. ஒரு வார்த்தைக்காக இருபத்தஞ்சு வார்த்தையை விட்டேன், அந்தத் தடவை வேலையும் போச்சு. அதுல இருந்து ஒரே பழக்கம், வார்த்தை வரலன்னா அந்த இடத்துல இடைவெளி விட்டுட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிடணும். அந்த இடைவெளியை டைப் பண்ணும்போது அர்த்தத்தை வெச்சு நிரப்பிக்கலாம், இல்லன்னாலும் ஒரு தப்போட போகும். இதையும் வீட்லயே பழகணும், ஹால்ல திடீர்னு வராது.

டிக்டேஷன் முடிஞ்சதும் உடனே கீபோர்டுல கை வைக்காதீங்க. முதல் ஏழெட்டு நிமிஷம் நோட்டை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் படிங்க, சந்தேகமான இடத்துல பென்சில்ல எழுதிக்கோங்க. நாலாவது பக்கத்துல தெளிவா இருக்கிற வார்த்தை முதல் பக்கத்துல புரியாததைக் காட்டிக் குடுக்கும். அப்புறம் டைப் பண்ணுங்க, கடைசி அஞ்சு நிமிஷம் ஸ்பெல்லிங்குக்கு மட்டும் வைங்க.

ஏஐ வந்துடுச்சே, இந்த வேலை இருக்குமா?

நேர்மையாச் சொல்றேன், மாற்றம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. 2023 பிப்ரவரியிலயே சுப்ரீம் கோர்ட்ல அரசியல் சாசன அமர்வு விசாரணையை ஏஐ வெச்சு எழுத்தாக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா என் மேஜையில நடக்கிறது என்னன்னா, அதிகாரி பாதி வாக்கியம் சொல்லுவார், "அதை எடுத்துடுங்க, முன்னாடி சொன்ன மாதிரியே போட்டுக்கலாம்"பார், நடுவுல போன் வரும், போன்ல பேசினதை எழுதக் கூடாது, ஒரு ஃபைல் நம்பரைத் தப்பாச் சொல்லுவார், நாமதான் சரி பண்ணணும். எது கடிதத்துல போகணும் எது போகக் கூடாதுன்னு புரிஞ்சு எழுதுற ஆளைத்தான் அவங்க தேடுறாங்க. அதனால வெறும் ஷார்ட்ஹேண்டோட நிக்காம வேர்ட், எக்ஸெல், மெயில், நோட்டிங் (ஃபைல்ல குறிப்பு எழுதுறது), டிராஃப்டிங் (கடித வரைவு எழுதுறது) எல்லாம் கத்துக்கோங்க. சென்ட்ரல் செக்ரட்டேரியட்ல கிரேடு டி-ல சேர்ந்தவங்களுக்குப் பிஏ, பிரைவேட் செக்ரட்டரி, பிரின்சிபல் பிரைவேட் செக்ரட்டரின்னு மேல போற பாதை இருக்கு, அங்கெல்லாம் கோடு எழுதுற வேகத்தை விட இந்தப் பக்குவத்துக்குத்தான் மதிப்பு.

வேலையில சேர்ந்த முதல் வாரம்

எக்ஸாம் டிக்டேஷன் சீரா ஒரே ஸ்பீட்ல வரும், ஆபீஸ்ல அப்படி வராது, ஒரு நிமிஷம் 60ல பேசுவார், திடீர்னு 130க்குப் போவார். முதல் வாரம் பயமா இருக்கும். புரியலன்னா அந்த இடத்துலயே "சார், அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கேட்டுடுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க, தப்பா டைப் பண்ணிக் கையெழுத்துக்கு வெச்சாத்தான் கோவம் வரும். அந்த ஆபீஸ்ல அடிக்கடி வர்ற பேர், ஊர், சட்டப் பிரிவு, திட்டத்தோட பேர் எல்லாத்துக்கும் உங்களுக்குன்னு சுருக்க அவுட்லைன் உருவாக்கி நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க.

அறையில காதுல விழுந்தது எதுவும் வெளிய போகக் கூடாது, டிரான்ஸ்ஃபர், பனிஷ்மென்ட், விசாரணைன்னு எல்லாம் மத்தவங்களுக்கு முன்னாடி உங்க காதுலதான் விழும், கேன்டீன்ல நெருங்கின ஃப்ரெண்ட் கேட்டாலும் சொல்லக் கூடாது. இன்னொண்ணு, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல தேதி போடுங்க, முடிஞ்ச டிக்டேஷன்மேல குறுக்க ஒரு கோடு இழுங்க, நோட்டைத் தூக்கிப் போடாம பூட்டு போட்ட டிராயர்ல வைங்க. "போன மாசம் அந்தக் கடிதத்துல நான் என்ன சொன்னேன்"னு ஒரு நாள் கண்டிப்பாக் கேப்பாங்க, அப்போ அந்தத் தேதிப் பக்கத்தைப் புரட்டி, எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டணும்.